உள்ளே போனால் திரும்பி வரத் தெரிய வேண்டும்: ஆலன் டூரிங்கின் வாழ்க்கை

சி மொழி படிக்கும் மாணவர்கள் ஒரு கட்டத்தில் எழுதிப் பார்க்க வேண்டிய சிறிய நிரல் ஒன்று உண்டு. ஒரு கோப்புறையை, அதற்குள் இருக்கும் கோப்புகள், உள்கோப்புறைகள் எல்லாவற்றோடும் சேர்த்து அழிக்கும் நிரல் அது. லினக்ஸ் கணினிகளில் ஆர்.எம். என்ற கட்டளை இந்த வேலையை ஒரே வரியில் முடித்துவிடும். அதை நாமே எழுத உட்கார்ந்தால்தான் சிரமம் தெரியும். ஐம்பது அறுபது வரிக்குள் அடங்கிவிடும் நிரல், நம்மைப் பல மணி நேரம் உட்கார வைத்துவிடும்.

காரணம் இதுதான். காலியான கோப்புறையை மட்டுமே நீக்க இயங்குதளம் அனுமதிக்கும். ஆகவே நிரல் முதலில் உள்ளே போய், அங்கே இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். உள்ளே இன்னொரு கோப்புறை இருந்தால் அதற்கும் இதே வேலையைச் செய்ய வேண்டும். அதற்குள்ளும் ஒன்று இருந்தால் மீண்டும் அதே வேலை. எல்லாம் முடிந்த பிறகு வெளியே வந்து, காலியாகிவிட்ட கோப்புறையை நீக்க வேண்டும். எத்தனை அடுக்கு ஆழம் என்று வெளியே நின்று சொல்ல முடியாது. தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தைச் சாலையிலிருந்து பார்ப்பவர்கள் எட்டு மாடி என்று எண்ணுவார்கள். உள்ளே மூன்றே மாடிதான். கோப்புறையின் ஆழமும் உள்ளே போனவருக்கு மட்டுமே தெரியும்.

இந்த நிரலை எழுதுபவர் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். உள்ளே போன நிரல், விட்ட இடத்துக்கு எப்படித் திரும்பி வரும்? அது எப்போதாவது நிற்குமா? அது சரியாகத்தான் வேலை செய்கிறது என்று எப்படி உறுதி சொல்வது?

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். அந்த மொழி பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு விடை தேடியவர் ஒருவர் இருந்தார். அவர் ஆலன் மேதிசன் டூரிங். 1954இல், 41 வயதில், அவர் இறந்தபோது சி மொழியும் இல்லை, நாம் இன்று சொல்லும் கோப்புறையும் இல்லை.

போத்தனூரில் பிறந்த தாய்

டூரிங் என்றதும் நமக்கு இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் அவருடைய குடும்பத்தின் கதை பழைய மதராஸ் மாகாணத்தில் தொடங்குகிறது. தாய் ஈத்தல் சாரா ஸ்டோனி 1881இல் கோயம்புத்தூர் அருகே உள்ள போத்தனூரில் பிறந்தவர். போத்தனூர் ஒரு ரயில் சந்திப்பு. சாராவின் தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர். ஆலனின் தந்தை ஜூலியஸ் டூரிங், இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி. அந்தப் பணிக்கான இறுதித் தேர்வுக்கு அவர் படித்த பாடங்களில் தமிழ் மொழியும் ஒன்று.

1907இல் விடுமுறைக்கு ஊர் திரும்பும் கப்பல் பயணத்தில் இருவரும் சந்தித்தார்கள். அதே ஆண்டு டப்ளின் நகரில் திருமணம் நடந்தது. மூத்த மகன் ஜான் 1908இல் நீலகிரியின் குன்னூரில் பிறந்தார். இரண்டாவது மகன் ஆலன் 1912 ஜூன் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தையின் வேலை இந்தியாவில் இருந்ததால் 1913இல் தாயும் அங்கே திரும்பினார். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், ஓய்வு பெற்ற ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் விடப்பட்டார்கள். ஆலனுக்கு அப்போது ஒன்றே கால் வயது. தந்தை பணியிலிருந்து விலகும்வரை, பெற்றோரைப் பெரும்பாலும் விடுமுறைகளில்தான் பிள்ளைகள் பார்த்தார்கள்.

அதே ஆண்டுகளில் பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. அன்று தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட தெலுக் இந்தான், கீழ்ப் பேராக்கின் துறைமுகமாக இருந்தது. மதராஸிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறிய தமிழர்கள் பினாங்கில் இறங்கித் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். ஒரே மாகாணத்திலிருந்து தொழிலாளர்கள் கிழக்கே வந்தார்கள், அதிகாரிகளின் பிள்ளைகள் மேற்கே அனுப்பப்பட்டார்கள். இரு தரப்பின் வசதியையும் ஒப்பிடவே முடியாது. ஆனால் ஒரு பேரரசின் வேலைக்காகக் குடும்பங்கள் பிரிந்து வாழ்ந்தன என்பது இரண்டு பக்கத்திலும் நடந்தது.

மிதிவண்டியில் பள்ளிக்கு

ஆலன் சில வாரங்களிலேயே தாமாகப் படிக்கக் கற்றுக்கொண்டவர். ஆனால் பள்ளியில் அவரை எல்லாரும் மெச்சினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கையெழுத்து மோசம், இலக்கியப் பாடங்களில் அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் குறைபட்டார்கள்.

1926இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ரயில்கள் ஓடவில்லை. பிரான்சிலிருந்து கப்பலில் சவுத்ஹாம்டன் வந்து இறங்கிய ஆலன், மிதிவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். தெலுக் இந்தானிலிருந்து ஈப்போவுக்குப் போவதைவிட அதிகம். இடையில் ஒரு விடுதியில் இரவு தங்கி, மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 14 வயதுகூட நிறையவில்லை.

அந்தப் பள்ளியில் அவருக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர் கிறிஸ்டோபர் மார்க்கம். அறிவியலிலும் கணிதத்திலும் ஆர்வம் கொண்ட இருவரும் வானியல் பற்றியும் வேதியியல் பற்றியும் ஓயாமல் பேசினார்கள். 1930 பிப்ரவரியில் மார்க்கம் காசநோயால் இறந்தார். நோய் பிடித்த மாட்டின் பாலைச் சிறுவயதில் குடித்ததால் வந்த நோய் அது. நண்பர் செய்ய நினைத்த வேலைகளையும் தாமே சேர்த்துச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஆலனுக்கு வந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். 1935இல், 22 வயதில், அதே கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நிற்குமா, நிற்காதா?

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு கணக்குப் போடும் மனிதர்களைத்தான் குறித்தது. ஜெர்மன் கணித அறிஞர் டேவிட் ஹில்பர்ட் 1928இல் ஒரு கேள்வியை முன்வைத்திருந்தார். எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அதை நிறுவ முடியுமா முடியாதா என்று தீர்மானிக்கும் ஒரு பொதுவான செய்முறை இருக்கிறதா என்பதே அது. கேம்பிரிட்ஜில் மேக்ஸ் நியூமன் நடத்திய விரிவுரைகளில் டூரிங் அந்தக் கேள்வியைத் தெரிந்துகொண்டார்.

செய்முறை என்றால் என்ன என்று முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தார். கணக்குப் போடும் மனிதர் என்ன செய்கிறார் என்று பார்த்தார். ஒரு நேரத்தில் ஒரு குறியைப் பார்க்கிறார், ஒரு விதியின்படி அதை மாற்றுகிறார், பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறார். இவ்வளவையும் ஒரு இயந்திரம் செய்துவிடலாம். நீண்ட நாடா ஒன்றில் குறிகளை எழுதியும் அழித்தும் நகரும் அந்தக் கற்பனை இயந்திரம்தான் பின்னர் டூரிங் இயந்திரம் எனப் பெயர் பெற்றது. விதிகளையும் நாடாவிலேயே எழுதிக் கொடுத்தால், ஒரே இயந்திரம் மற்ற எல்லா இயந்திரங்களின் வேலையையும் செய்யும் என்றும் காட்டினார். இன்று ஒரே மடிக்கணினியில் விளையாட்டும் விளையாடுகிறோம், கட்டுரையும் எழுதுகிறோம். அதன் வேர் 1936இல் எழுதப்பட்ட அந்த ஆய்வுரையில் இருக்கிறது.

ஹில்பர்ட்டின் கேள்விக்கு அவர் தந்த விடை, அப்படிப்பட்ட பொதுச் செய்முறை கிடையாது என்பது. அமெரிக்காவின் அலோன்சோ சர்ச் வேறு வழியில் அதே முடிவை அதற்குச் சற்று முன்னர் வெளியிட்டிருந்தார். இருவரின் முறைகளும், தன்னையே அழைக்கும் சார்புகளைக் கொண்டு கணித அறிஞர்கள் உருவாக்கியிருந்த தற்சுழற்சி முறையும், ஒரே எல்லைக்குள் அடங்குபவை என்பது விரைவில் தெளிவானது. டூரிங் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய் சர்ச்சிடமே ஆய்வு செய்து, 1938இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இந்த முடிவிலிருந்து நிரல் எழுதுபவர்களுக்கு வரும் பாடம் ஒன்று உண்டு. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா, முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு பொது நிரலை எழுதவே முடியாது. நம் அழிப்பு நிரலில் இது உடனே தெரியும். யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு பதிவுகள் தாமாகவே இருக்கும். ஒற்றைப் புள்ளி அதே கோப்புறையைக் குறிக்கும். இரட்டைப் புள்ளி அதற்கு மேலே உள்ள கோப்புறையைக் குறிக்கும். இவற்றைத் தவிர்க்கச் சொல்லாத நிரல், உள்ளே போவதாக எண்ணிக்கொண்டு அதே கோப்புறைக்குள் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும். இரட்டைப் புள்ளி வழியாகப் போனால் இன்னும் மோசம். மேலே ஏறிப் போய், நாம் அழிக்கச் சொல்லாதவற்றில் கை வைக்கத் தொடங்கும். இரண்டு பெயர்களையும் ஒப்பிட்டுத் தாண்டிப் போகச் சொல்லும் ஒரே ஒரு நிபந்தனை வரி இரண்டையும் தடுக்கிறது. நிரல் தொகுப்பி அந்த வரி விடுபட்டதை நமக்குச் சொல்லாது. நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

போர்க்காலமும் புதைத்த வெள்ளியும்

1939 செப்டம்பரில் பிரிட்டன் போர் அறிவித்த மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் வேலைக்குச் சேர்ந்தார். ஜெர்மன் படைகள் எனிக்மா என்ற இயந்திரத்தால் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்பின. போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் அதற்கு முன்பே எனிக்மாவை உடைத்து, தங்கள் முறைகளைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்திருந்தார்கள். அந்த அடித்தளத்தின்மேல் டூரிங் பாம்ப் என்ற புதிய இயந்திரத்தை வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் அதை மேம்படுத்தினார். முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்து சேர்ந்தது. மிகக் கடினமானதாகக் கருதப்பட்ட ஜெர்மன் கடற்படையின் மறைகுறிகளை உடைக்கும் பிரிவுக்கு டூரிங் தலைமை வகித்தார். அட்லாண்டிக் கடலில் உணவும் தளவாடமும் ஏற்றி வந்த கப்பல்கள், நீர்மூழ்கிகளின் கண்ணில் படாமல் வழி மாறிச் செல்ல அந்த வேலை உதவியது.

அங்கே அவரைப் பற்றிப் பல கதைகள் உலவின. அவற்றில் ஒன்று அவருடைய மிதிவண்டியைப் பற்றியது. அதன் சங்கிலி அடிக்கடி கழன்று விழும். டூரிங் அதைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கழல்கிறது என்று எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை மாறவில்லை. அந்த எண்ணை எட்டும் முன் இறங்கிச் சரிசெய்துவிட்டு மீண்டும் ஓட்டினார். பிறகு சங்கிலியின் கண்ணிகளையும் சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, பழுதான ஒரு கண்ணி வளைந்த ஒரு கம்பியைச் சந்திக்கும் தருணத்தில்தான் கழல்கிறது என்று கண்டுபிடித்தார் என்பது கதை.

பிழை களையும் முறையை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. முதலில் பிழையை எண்ணக்கூடியதாக ஆக்க வேண்டும். எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பார்க்க வேண்டும். அழிப்பு நிரலில் அடிக்கடி வரும் பிழை, பாதைப் பெயரைச் சேர்ப்பதில் இருக்கிறது. கோப்புறையின் பெயர், நடுவில் ஒரு சாய்கோடு, கோப்பின் பெயர் ஆகிய மூன்றையும் ஒட்டிப் புதிய பாதையை உருவாக்குகிறோம். சி மொழியில் எழுத்துச் சரத்தின் முடிவைக் குறிக்க ஒரு சுழியக் குறியும் வேண்டும். ஆகவே இரண்டு பெயர்களின் நீளத்தோடு 2 பைட் கூட்ட வேண்டும். ஒன்றை மட்டும் கூட்டினால் நிரல் பல கோப்புறைகளில் நன்றாகவே ஓடும், திடீரென்று ஏதோ ஒன்றில் விழும். எந்தப் பெயர் நீளத்தில் விழுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் காரணத்தைப் பிடித்துவிடுவார். எண்ணாதவர் இரவு முழுதும் வேறு வரிகளை மாற்றிக்கொண்டிருப்பார்.

இன்னொரு கதை சோகமும் சிரிப்பும் கலந்தது. போரில் பிரிட்டன் தோற்றால் வங்கிப் பணம் என்ன ஆகுமோ என்று நினைத்த டூரிங், வெள்ளிக் கட்டிகளை வாங்கிப் பிளெட்ச்லி அருகே இரண்டு இடங்களில் புதைத்து வைத்தார். இடத்தைக் கண்டுபிடிக்கும் குறிப்பையும் மறைகுறியில் எழுதி வைத்துக்கொண்டார். போருக்குப் பிறகு போய்த் தேடியபோது அந்த இடங்களின் அடையாளங்களே மாறிப்போயிருந்தன. உலோகத்தைக் கண்டறியும் கருவியோடும் தேடிப் பார்த்தார். வெள்ளி கிடைக்கவே இல்லை.

திரும்பி வரும் முகவரி

போர் முடிந்ததும் 1945இல் டூரிங் லண்டன் அருகே உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே ஏ.சி.இ. என்ற மின்னணுக் கணினிக்கான விரிவான திட்டத்தை எழுதினார். அதில்தான் நம் முதல் கேள்விக்கான விடை வருகிறது.

ஒரு நிரல் நடுவே நின்று ஒரு துணைநிரலை அழைக்கிறது. அந்தத் துணைநிரல் இன்னொன்றை அழைக்கிறது. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றும் தன்னை அழைத்த இடத்துக்குச் சரியாகத் திரும்ப வேண்டும். இதற்கு டூரிங் சொன்ன வழி, அழைக்கும்போது திரும்ப வேண்டிய இடத்தின் முகவரியை நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிடுவது. திரும்பும்போது மேலே இருப்பதை முதலில் எடுப்பது. வைப்பதற்குப் புதைத்தல் என்றும் எடுப்பதற்குத் தோண்டி எடுத்தல் என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களையே அவர் பெயராக இட்டார். வெள்ளியைப் புதைத்த இடம் தவறிப்போனவர் இந்த முகவரிகள் தவறாமல் இருக்க வழி சொன்னது ஒரு வேடிக்கையான ஒற்றுமைதான்.

இன்று நாம் ஸ்டாக் அல்லது அடுக்கு என்று சொல்வது இந்த முறையைத்தான். அழிப்பு நிரலில் நாம் எழுதும் செயற்கூறு உள்கோப்புறையைக் கண்டதும் தன்னையே அழைக்கிறது. ஒவ்வொரு அழைப்பும் தனக்கென ஒரு பாதைப் பெயரையும், எந்தப் பதிவுவரை படித்தோம் என்ற நினைவையும், திரும்பும் முகவரியையும் அடுக்கில் வைத்துக்கொள்கிறது. பத்து அடுக்கு ஆழத்தில் இருக்கும்போது பத்துக் குறிப்புகள் அடுக்கில் காத்திருக்கும். ஜி.டி.பி. போன்ற பிழைநீக்கியில் நிரலை நிறுத்திப் பின்தடத்தைக் காட்டச் சொன்னால், அந்தக் குறிப்புகள் வரிசையாகத் திரையில் வரும். நிரல் எங்கே சிக்கியிருக்கிறது என்பதை அறிய அதுவே நேரான வழி.

அடுக்குக்கு எல்லை உண்டு. ஒவ்வொரு அழைப்பிலும் பெரிய வரிசை ஒன்றை உள்ளூர் மாறியாக வைத்தால் ஆழமான கோப்புறைகளில் இடம் தீர்ந்துவிடும். திறந்த கோப்புறையை மூடாமல் திரும்பினால் இன்னொரு எல்லையும் மீறப்படும். ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளுக்குப் பல லினக்ஸ் கணினிகளில் இயல்பான வரம்பு 1024. உள்ளே போன வழியெல்லாம் கதவைத் திறந்தே விட்டுவிட்டு வந்தால், ஒரு கட்டத்தில் அடுத்த கதவு திறக்காது.

அந்த ஆண்டுகளில் டூரிங் நெடுந்தூர ஓட்டத்திலும் இறங்கினார். 1947இல் ஒரு மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார். ஆய்வுக்கூடத்தில் வேலை மெதுவாக நகர்ந்ததால் மனம் சலித்து, 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

சரிதான் என்று எப்படிச் சொல்வது?

1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் நடந்த கணினி மாநாட்டில் டூரிங் மிகச் சிறிய ஆய்வுரை ஒன்றைப் படித்தார். பெரிய நிரல் ஒன்று சரியானது என்று எப்படிச் சோதிப்பது என்பது அதன் பொருள். எடுத்துக்காட்டாக அவர் எடுத்துக்கொண்டது, ஓர் எண்ணின் தொடர்பெருக்கத்தைக் கணக்கிடும் நிரல். தற்சுழற்சி படிக்கும் இன்றைய மாணவர்களுக்கும் முதல் பயிற்சியாக அதே தொடர்பெருக்கம்தான் வருகிறது. அவரோ பெருக்கலே இல்லாமல், கூட்டலை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து அதைக் கணக்கிட்டார்.

நிரலின் முக்கியமான இடங்களில், அந்த இடத்தில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்றார். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும்போது அந்த உண்மை மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தால், முழு நிரலையும் ஒரே மூச்சில் மனதில் வைத்திருக்கத் தேவையில்லை. நிரல் நிற்கும் என்று காட்ட, ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வரும் ஏதாவது ஓர் அளவைச் சுட்ட வேண்டும். எல்லா நிரலுக்கும் பொருந்தும் சோதனை கிடையாது என்று 1936இல் நிறுவியவரே, கையில் இருக்கும் ஒரு நிரலை எப்படி உறுதிசெய்வது என்று 1949இல் வழி காட்டினார்.

அழிப்பு நிரலுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். செயற்கூறு தொடங்கும்போது உண்மையாக இருக்க வேண்டியது, கொடுக்கப்பட்ட பாதை நாம் அழிக்க விரும்பும் கோப்புறைக்குள்தான் இருக்கிறது என்பது. முடியும்போது உண்மையாக இருக்க வேண்டியது, அந்தப் பாதையில் இனி எதுவும் இல்லை என்பது. குறைந்துகொண்டே வரும் அளவு, மீதமிருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை.

இப்படி எழுதிப் பார்த்ததும் பிழைகள் தாமாக வெளியே வரும். நீக்கும் கட்டளை தோற்றுப்போனதா என்று பார்க்காவிட்டால் எண்ணிக்கை குறையாது. அனுமதி இல்லாத கோப்பு ஒன்று உள்ளே இருந்தால், கடைசியில் கோப்புறை காலியாக இல்லை என்ற செய்திதான் கிடைக்கும். குறியீட்டு இணைப்பு என்ற சிம்லிங்க் இன்னும் ஆபத்தானது. பார்வைக்கு அது உள்கோப்புறை போல இருக்கும், உண்மையில் கணினியின் வேறொரு மூலைக்கு வழிகாட்டும். ஸ்டாட் என்ற செயற்கூறைக் கொண்டு சோதித்தால் அது இணைப்பைத் தாண்டிப் போய், மறுமுனையில் இருப்பதைப் பற்றிச் சொல்லும். நிரலும் அதை நம்பி, நாம் தொடச் சொல்லாத கோப்புறையைக் காலி செய்யும். எல்ஸ்டாட் என்ற செயற்கூறு இணைப்பை இணைப்பாகவே காட்டும். அப்போது இணைப்பை மட்டும் நீக்கிவிட்டு நகரலாம். ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

அழிக்கப்பட்டவையும் மீண்டவையும்

1950இல் இயந்திரங்களால் சிந்திக்க முடியுமா என்ற கேள்வியை ஆராயும் புகழ்பெற்ற கட்டுரையை டூரிங் வெளியிட்டார். 1951இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். விலங்குகளின் உடலில் கோடுகளும் புள்ளிகளும் எப்படி உருவாகின்றன என்பதைக் கணிதத்தால் விளக்கும் ஆய்வை 1952இல் வெளியிட்டார்.

அதே ஆண்டில் அவர் வாழ்க்கை சரிந்தது. தம் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றிக் காவல்துறையிடம் சொல்லப் போனவர், இன்னொரு ஆணுடன் உறவு வைத்திருந்ததற்காகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். அன்றைய இங்கிலாந்துச் சட்டம் அதைக் குற்றமாக வைத்திருந்தது. சிறைக்குப் பதிலாக ஓராண்டு ஹார்மோன் சிகிச்சைக்கு அவர் உட்பட வேண்டியிருந்தது. அரசின் ரகசிய வேலைகளில் ஈடுபடும் அனுமதியும் பறிபோனது. போரில் அவர் செய்ததை நீதிமன்றத்தில் விளக்கவும் வழியில்லை, ஏனென்றால் அது ரகசியம். 1954 ஜூன் 7ஆம் நாள் நஞ்சு உடலில் சேர்ந்து இறந்தார். தற்கொலை என்று விசாரணை முடிவு செய்தது. வீட்டில் வேதியியல் சோதனை செய்யும் பழக்கம் இருந்ததால் நேர்ந்த விபத்து என்றே தாய் சாரா கடைசிவரை நம்பினார்.

போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் 1959இல் மகனின் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். ஆனால் மகன் போரில் என்ன செய்தார் என்பதை அந்த நூலில் எழுத அவரால் முடியவில்லை. பிளெட்ச்லி பார்க்கின் ரகசியம் 1970களில்தான் வெளியே வரத் தொடங்கியது. அதற்குள் பாம்ப் இயந்திரங்களில் பெரும்பாலானவை பிரித்துப் போடப்பட்டிருந்தன, ஏராளமான ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தன.  

தப்பியவை சிறிது சிறிதாகத்தான் வந்தன. போர்க்காலத்தில் டூரிங் எழுதிய இரண்டு ஆய்வுரைகளை அரசு 2012இல் வெளியிட்டது. 2017இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பழைய அலமாரி ஒன்றில் அவருடைய கடிதங்களும் தாள்களுமாக 148 ஆவணங்கள் கிடைத்தன. பிரிட்டிஷ் அரசு 2009இல் மன்னிப்புக் கேட்டது. 2013இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021 ஜூன் 23ஆம் நாள், அவருடைய பிறந்த நாளில், அவர் படம் போட்ட 50 பவுன் நோட்டு புழக்கத்துக்கு வந்தது. சாரா 1976லேயே இறந்துவிட்டார். இவற்றில் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை.

சி மொழியில் அன்லிங்க் என்ற கட்டளையால் நீக்கப்பட்ட கோப்பு, குப்பைத் தொட்டி எதற்கும் போகாது. நேராகப் போய்விடும். ஆகவே இந்த நிரலை எழுதப் போகும் மாணவர்கள் சில பழக்கங்களைக் கைக்கொள்வது நல்லது. முதல் பதிப்பில் எதையும் அழிக்காமல், அழிக்கப்போகும் பாதையைத் திரையில் அச்சிட மட்டும் செய்யுங்கள். சோதிப்பதற்கென்றே ஒரு தனிக் கோப்புறையை உருவாக்கி, அதற்குள் ஆழமான உள்கோப்புறை, மறைகோப்பு, நீளமான பெயர், வெளியே காட்டும் சிம்லிங்க் எல்லாவற்றையும் வையுங்கள். பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். தனிக் கோப்புறைக்கு வெளியே உள்ள ஒரு பெயர் அதில் இருந்தாலும், ஒற்றைப் புள்ளி ஒன்று தென்பட்டாலும், நிரல் இன்னும் தயாராகவில்லை. பட்டியல் சரியாக வந்த பிறகு, அச்சிடும் வரியை நீக்கும் வரியாக மாற்றுங்கள். ஒவ்வொரு நீக்கத்தின் விடையையும் சோதியுங்கள்.

டூரிங்கின் காலத்தில் ஒரு நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கே இயந்திரத்தின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் அவர்கள் தாளில் எழுதி நெடுநேரம் யோசித்தார்கள். நமக்கு ஒரு நொடியில் ஓட்டிவிட முடிகிறது. அழிக்கும் நிரலைப் பொறுத்தவரை அந்தப் பழைய தாளும் பென்சிலும் இன்றைக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.